எடை எந்தக் காலில் இருக்கிறது? நின்றே வேலை பார்ப்பவர்களும் தாய் சியும்

நவம்பர் 9, காலை

வாசகர் கேள்வி: புதுச்சேரி நேரு வீதியில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். காலை 9.30க்கு நின்றால் இரவு 9 மணிக்குத்தான் உட்காருவேன். வயது 34, அதற்குள் முழங்கால் வலி. கடற்கரைச் சாலையில் சிலர் விடியற்காலையில் மெதுவாகக் கைகால் அசைத்துக்கொண்டிருப்பார்கள், தாய் சி என்கிறார்கள். எனக்குத் தனியாக அரை மணி நேரம் ஒதுக்க வழியில்லை. வேலையோடு வேலையாக இதைச் செய்ய முடியுமா, இல்லை அது வெறும் பேச்சா? இன்னொன்று, இது நம்ம போதிதர்மர் காஞ்சிபுரத்திலிருந்து கொண்டுபோனதுதானே? அப்படியென்றால் தமிழில் சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்க வேண்டுமே?

நவம்பர் 9, இரவு

முடியும். எனக்குக் கடலூரில் பள்ளிக்கூட வேலை, வயது 52, நானும் நாள் முழுக்க நிற்கிறவள். ஆறு வருடமாகத் தாய் சி பழகுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் பேருந்தைப் பிடித்து புதுச்சேரி வந்து கடற்கரைச் சாலையில் ஒரு ஆசிரியரிடம் கற்றது பாதி. மீதிப் பாதி கரும்பலகை முன்னாலும் பேருந்திலும் அடுப்படியிலும் வந்தது. தனியாக நேரம் ஒதுக்க வேண்டிய அவசியமே இல்லை என்றுதான் சொல்வேன்.

நாளைக்குக் கடையில் ஒன்றே ஒன்றைப் பார் தம்பி. நிற்கிறபோது உன் எடை எந்தக் காலில் இருக்கிறது? திடீரென்று கேட்டால் யாருக்கும் சட்டென்று சொல்லத் தெரியாது. முழங்காலைப் பின்பக்கமாக இறுக்கிப் பூட்டிக்கொண்டு, இடுப்பை ஒரு பக்கம் தள்ளி, அப்படியே மணிக்கணக்கில் நிற்போம், வலி வந்த பிறகு கால் மாற்றுவோம். அந்தப் பூட்டை மட்டும் அவிழ்த்துவிடு. மடக்க வேண்டாம், விறைப்பு போனால் போதும். அப்புறம் ஒரு குடத்துத் தண்ணீரை இன்னொரு குடத்தில் சிந்தாமல் ஊற்றுகிற மாதிரி எடையை இடது காலுக்கு ஊற்று. வலது கால் காலியாகிவிட்டது என்று நன்றாகத் தெரிந்த பிறகுதான் அதை எடுக்க வேண்டும். வைக்கும்போதும் குதிகாலை எடையில்லாமல் முதலில் வைத்து, தரை சரியாக இருக்கிறதா என்று பார்த்து, பிறகு ஊற்று. தாய் சியின் அத்தனை அசைவுக்கும் அடியில் இதுதான் ஓடுகிறது. யாங் செங்ஃபூ (1883–1936) என்ற பெரிய ஆசிரியர் விட்டுச்சென்ற பத்து அடிப்படைகளில் ஒன்று, நிறைந்த காலையும் காலியான காலையும் பிரித்தறிவது. நாங்கள் ஒரு வருடம் முழுக்க இதைத்தான் திருத்திக்கொண்டிருந்தோம்.

தாய் சியில் வரும் 'சி' என்றால் உயிர்மூச்சு, அதனால் மூச்சையும் கூடவே கவனி.

நவம்பர் 10

நேற்று எழுதிய கடைசி வரி தவறு. சீன எழுத்து தெரிந்த ஒருவர் சுட்டிக்காட்டினார், நன்றி. உயிர்மூச்சைக் குறிக்கிற 'சி' வேறு எழுத்து. தாய் சியில் இருப்பதை 'ஜி' என்று சொல்வதுதான் நெருக்கம். எல்லை, உச்சம் என்று பொருள், ஆதியில் அது கூரை முகட்டில் ஓடுகிற உத்திரத்தைக் குறித்த சொல்லாம். முழுப்பெயர் தாய்ஜி சுவான், சுவான் என்றால் முஷ்டி. பிறப்பால் இது சண்டைக் கலை.

உத்திரம் என்று கேட்டதிலிருந்து எனக்கு அதுதான் மனதில் நிற்கிறது. எங்கள் பழைய ஓட்டு வீட்டில் மொத்தக் கூரையும் அந்த ஒரு மரத்தில்தான் தாங்கி நின்றது. இன்று காலை நின்று பழகும்போது உச்சந்தலைக்கு மேல் அது ஓடுவதாக நினைத்துக்கொண்டேன், முதுகு தானாக நீண்டது.

மூச்சைப் பற்றிச் சொன்னதையும் மாற்றிக்கொள்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் மூச்சைத் தொடவே வேண்டாம். காலையும் மூச்சையும் சேர்த்துப் பார்க்கப் போனால் மார்பு இறுகிவிடும். கால் அமைதியானால் மூச்சு தானே இறங்கும்.

நவம்பர் 12

போதிதர்மர் விஷயம். அவரை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. நான் படித்து வைத்திருப்பதை எழுதுகிறேன்.

547ஆம் ஆண்டு சீனத்து லோயாங் நகரத்து விகாரங்களைப் பற்றி எழுதிய யாங் சுவான்சி அவரைப் பாரசீகத்தவர் என்கிறார். அதே நூற்றாண்டைச் சேர்ந்த தான்லின் என்பவர் தென்னிந்திய அரசனின் மூன்றாவது மகன் என்கிறார். காஞ்சி, பல்லவர் என்பதெல்லாம் பின்னால் வந்த மரபு. ஷாவோலின் துறவிகளுக்கு அவர் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தார் என்ற கதை 1624 என்று தேதியிட்ட ஒரு நூலை ஒட்டிப் பரவியது. அதாவது அவர் காலத்துக்கு ஆயிரம் வருடத்துக்கும் மேல் தள்ளி. தாய் சிக்கு ஆதாரத்தோடு சொல்லக்கூடிய தொடக்கம் ஹெனான் மாகாணத்துச் சென் கிராமம், 17ஆம் நூற்றாண்டு, சென் வாங்டிங். அந்தக் கிராமத்தில் கற்றுக்கொண்டு பெய்ஜிங்குக்குக் கொண்டுபோனவர் யாங் லுசான் (1799–1872), மேலே சொன்ன யாங் செங்ஃபூவின் தாத்தா.

இன்னொரு ஊர்க்காரன் தலைமுறை தலைமுறையாக மண்ணில் நின்று உருவாக்கியதை நம்முடையது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தமிழில் சொல்லிக்கொடுப்பவர்கள் பற்றிக் கேட்டாய். ஆரோவில்லில் வகுப்புகள் உண்டு, பெரும்பாலும் ஆங்கிலத்தில். என் ஆசிரியர் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசுவார். அசைவுகளுக்கு நானே தமிழ்ப்பெயர் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன்: வெள்ளைக் கொக்கு சிறகு விரிப்பது, குருவியின் வாலைப் பிடிப்பது, மேகம் போலக் கை நகர்த்துவது, காட்டுக்குதிரையின் பிடரியைப் பிரிப்பது. சீனப் பெயர்களின் நேர்ப்பொருள்தான் இவை. கொக்கும் குருவியும் நம் வயல்காட்டிலும் இருப்பதால் சட்டென்று மனதில் ஏறிவிடும்.

நவம்பர் 17

மழை விட்டபாடில்லை, பள்ளிக்கு விடுமுறை. நீண்ட நாளாகச் சொல்ல நினைத்த முழங்கால் கதையை எழுதிவிடுகிறேன். உனக்கும் அதே முழங்கால்தான் பிரச்சினை.

இப்போதைய ஆசிரியருக்கு முன்னால் வேறொரு வகுப்புக்கு நான்கு மாதம் போனேன். அங்கே "இன்னும் கீழே, இன்னும் கீழே" என்றுதான் கட்டளை. எவ்வளவு தாழ நிற்கிறோமோ அவ்வளவு நல்ல தாய் சி என்று நானும் நம்பினேன். இரண்டாம் மாதம் வலது முழங்காலின் உட்புறம் வலிக்கத் தொடங்கி, மூன்றாம் மாதம் மாடிப்படி இறங்க முடியாமல் போனது. வகுப்பில் சொன்னபோது, பழகப் பழகச் சரியாகும் என்றார்கள். சரியாகவில்லை. தாய் சி என்றாலே முழங்காலுக்கு ஆகாது என்று முடிவு கட்டி விட்டுவிட்டேன். நான் இழந்த ஒன்றரை வருடம் அது. இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

இரண்டாவது ஆசிரியர் என்னை ஒரு முறை நடக்கச் சொல்லிப் பார்த்தார், உடனே சொல்லிவிட்டார். முழங்கால் கதவுக் கீல் மாதிரி, மடங்கும் நீளும், திருகுவதற்கு அதற்கு அதிகம் இடமில்லை. உடம்பைத் திருப்ப வேண்டியது இடுப்பு மூட்டு. நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றால், முழு எடையையும் வலது காலில் வைத்துக்கொண்டு, பாதம் தரையில் ஒட்டியிருக்க, மேலுடம்பைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அந்தத் திருகல் முழுக்க முழங்காலில் போய் இறங்கியது. எடையைப் பின்னங்காலுக்கு எடு, காலியான முன்பாதத்தை இடுப்போடு சேர்த்துத் திருப்பு, பிறகு எடையைத் திரும்ப ஊற்று, முழங்கால் எப்போதும் கால்விரல் பார்க்கும் திசையையே பார்க்கட்டும் என்றார். தாழவே விடவில்லை. நிமிர்ந்த நிலையிலேயே ஆறு மாதம். வலி போய்விட்டது.

முழங்கால் தேய்மானம் உள்ள 204 பேரை வைத்து அமெரிக்காவில் ஒரு ஆய்வு நடத்தி 2016இல் வெளியிட்டார்கள். ஒரு பகுதியினருக்கு 12 வாரம், வாரம் இரண்டு முறை தாய் சி, மற்றவர்களுக்கு வழக்கமான பிசியோதெரபி. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வலி குறைந்தது. அதனால் முதலில் ஒரு எலும்பு மருத்துவரிடம் காட்டு தம்பி. அவர் பிசியோதெரபி சொன்னால் அதைச் செய், தாய் சிக்காக அதைத் தள்ளிப்போடாதே.

நவம்பர் 23

கடையில் புடவை விரித்துக் காட்டும்போது இடுப்பு வலிக்கிறது என்று எழுதியிருந்தாய். கையால் வீசாதே. எடை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குப் போகும்போது இடுப்பு திரும்பும், அந்தத் திரும்பலில் கை கூடவே போகும், புடவை விரியும். மேகக்கை அசைவு அப்படியே இதுதான். பாயில் உட்கார்ந்து விரிக்கிற கடையாக இருந்தால் இது உதவாது, நின்று விரிக்கிற மேசை என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

டிசம்பர் 6

இன்றைக்குப் பேருந்தில் உட்கார இடமில்லை. கடலூரிலிருந்து புதுச்சேரி வரை நின்றுகொண்டே வந்தேன், எனக்கு அது ஒரு முழு வகுப்பு. பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, ஒன்றை அரை அடி முன்னால் போட்டு, முழங்கால் பூட்டை அவிழ்த்து, கம்பியைப் பிடித்த கையை அதில் தொங்காமல் சும்மா தொட்டபடி. ரெட்டிச்சாவடியில் ஒரு பிரேக், முள்ளோடையில் ஒன்று, கன்னியக்கோயிலில் ஒன்று. ஒவ்வொரு பிரேக்குக்கும் எடை முன்காலுக்குப் போகும், போகவிட வேண்டும், எதிர்த்து விறைத்தால்தான் தடுமாறுவோம். வண்டி கிளம்பும்போது பின்காலுக்கு வரும். கிருமாம்பாக்கம் தாண்டியதும் கம்பியையே விட்டுப் பார்த்தேன், அரியாங்குப்பம் பாலம் வரை நின்றேன். (நீங்கள் யாரும் கையை விட வேண்டாம். எனக்கு அங்கே வருகிற ஒவ்வொரு வளைவும் பழக்கம்.)

இறங்கும்போது நிதானம் முக்கியம். வண்டி முழுசாக நின்ற பிறகும் நாம் அவசரத்தில் மேல்படியிலேயே எடையை முன்னால் தள்ளிவிடுகிறோம். கீழ்ப்பாதம் தரையைத் தொட்டு, தரை சமமா, பள்ளமா என்று தெரிந்த பிறகு ஊற்றினால் போதும். நடத்துநர் விசில் ஊதத்தான் செய்வார், ஊதட்டும்.

டிசம்பர் 20

மார்கழி பிறந்துவிட்டது. இன்று காலை 5 மணிக்கு எதிர்வீட்டு அம்மா கோலம் போடுவதைப் பால் வாங்கப் போன இடத்தில் நின்று பார்த்தேன். வயது 70 இருக்கும். கால்களை அகட்டி, முழங்காலை லேசாகத் தளர்த்தி, முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து குனிந்து, ஒரு புள்ளியிலிருந்து அடுத்ததுக்குப் போகும்போது கையை எட்டி நீட்டாமல் உடம்பையே நகர்த்தி. இழை அறுபடாமல் மாவு விழுகிறது. கை நின்றால் மாவு கொட்டி அங்கே தடித்துவிடும், வேகம் கூடினால் இழை மெலிந்துவிடும். சீராக நகர்வது என்று ஆசிரியர் எங்களிடம் வருடக்கணக்கில் கேட்டது இதைத்தான்.

போதிதர்மரைப் பற்றி நவம்பரில் எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாய் சி நம்முடையது என்று நிறுவ வேண்டியதில்லை, கோலம் இருக்கிறது. சிலம்பத்துக் காலடி இருக்கிறது. எங்கள் தேவனாம்பட்டினத்தில் கரைவலை இழுப்பதைச் சின்ன வயதில் மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். கயிற்றைக் கை பிடித்துத்தான் இருக்கும், இழுப்பது காலும் இடுப்பும். எல்லோரும் ஒன்றாகப் பின்சாய்ந்து, குதிகாலை மணலில் புதைத்து, ஒரு அடி, இன்னொரு அடி. கையால் மட்டும் இழுத்தால் பத்து நிமிடத்தில் தோள் போய்விடும்.

ஜனவரி 4

எழுத முடியவில்லை. டிசம்பர் 27 இரவு அம்மா குளியலறை வாசலில் விழுந்துவிட்டார். வயது 76. கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிவு. மாவுக்கட்டு போட்டிருக்கிறது. இடுப்பு தப்பியது.

எப்படி விழுந்தார் என்று கேட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டேன். நிலைப்படியைத் தாண்ட வலது காலைத் தூக்கியபடியே விளக்கு சுவிட்சுக்குக் கையை நீட்டியிருக்கிறார். எடை இரண்டு காலிலும் இல்லை. ஈரம்கூட இல்லை, காய்ந்த தரை. ஆறு வருடமாக ஊருக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருந்த நான் வீட்டில் அம்மாவுக்கு ஒரு நாள்கூடச் சொல்லிக்கொடுக்கவில்லை. வயதானவர்களுக்கு எதற்கு என்று நினைத்திருந்தேன். உண்மையில் அவர்களுக்குத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். அட்லாண்டாவில் 70 வயது தாண்டிய 200 பேரை வைத்து 15 வாரம் நடத்திய ஆய்வு 1996இலேயே வந்துவிட்டது. தாய் சி பழகியவர்களுக்குத் திரும்பத் திரும்ப விழுகிற ஆபத்து 47.5 சதவீதம் குறைந்தது. இந்த எண்ணை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 18

நவம்பர் 9 அன்று எழுதிய ஒரு வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். தனியாக நேரம் ஒதுக்க வேண்டிய அவசியமே இல்லை என்று எழுதியிருந்தேன். அது தவறு.

அம்மா விழுந்ததிலிருந்து மூன்று வாரம் நான் பயிற்சி எதுவும் செய்யவில்லை. ஆஸ்பத்திரி, சமையல், பொங்கல் என்று ஓடியது. அன்றாடத்திலேயே இருக்கிறதே, தானாக நடந்துகொண்டிருக்கும் என்று நினைத்தேன். முதல் வாரம் இருந்தது. இரண்டாம் வாரம் பேருந்தில் கம்பியில் தொங்கிக்கொண்டு வந்தேன், தொங்குகிறேன் என்பதே தெரியாமல். போகிப் பண்டிகையன்று தண்ணீர் கேனை இடுப்பைத் திருகித் தூக்கி, பழைய முழங்கால் வலி எட்டிப் பார்த்தது. அப்போதுதான் உறைத்தது. வகுப்பறையிலும் அடுப்படியிலும் கவனம் தானாக வருகிறது என்று நான் நம்பியது, தினமும் காலையில் சில நிமிடம் வேறு எந்த வேலையும் இல்லாமல் அந்த அசைவுகளை மட்டும் செய்துகொண்டிருந்ததால் வந்தது. உறை ஊற்றாமல் பால் எத்தனை நேரம் காத்திருந்தாலும் தயிராகாது.

ஆனால் அரை மணி நேரம் வேண்டாம். 1956இல் சீன அரசின் விளையாட்டு ஆணையம் பொதுமக்களுக்காக யாங் மரபிலிருந்து சுருக்கித் தந்த 24 அசைவு வரிசை இருக்கிறதே, அதை நிதானமாகச் செய்தால் ஐந்தாறு நிமிடம்தான். 24ஐயும் கற்க மாதக்கணக்கில் ஆகும். அதுவரை ஒன்றே போதும்: இருந்த இடத்தில் மேகக்கை, ஐந்து நிமிடம். கடைக்குக் கிளம்புவதற்கு முன் செய். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டி விடுவதில்லை, உன் வீடு பக்கம்தான் என்றால் அங்கேயே போய்விடு, காந்தி சிலைப் பக்கம் தரை சமமாக இருக்கும்.

முதலில் தவறாகச் சொன்னதற்கு மன்னித்துக்கொள். இரண்டு மாதம் நீ வெறும் பாதியை வைத்துக்கொண்டு முயன்றிருக்கிறாய்.

பிப்ரவரி 3

"கவனமெல்லாம் காலில் இருந்தால் வாடிக்கையாளர் சொல்வது எப்படிக் காதில் விழும்?" என்று கேட்டிருக்கிறாய் தம்பி. நல்ல கேள்வி. இரண்டு நாள் யோசித்தேன்.

எனக்கும் தொடக்கத்தில் அது நடந்தது. காலைக் கவனித்துக்கொண்டே பாடம் நடத்தப் போய், ஒரு பையன் கேட்ட சந்தேகத்தை மூன்று முறை திரும்பக் கேட்டேன். அப்புறம் ஆசிரியர் சொன்னபடி மாற்றிக்கொண்டேன். நாள் முழுக்கக் கவனிக்க முயலாதே, இரண்டு மூன்று இடங்களை மட்டும் குறித்துக்கொள். எனக்கு வகுப்பறை வாசல்படி, சாக்பீஸ் எடுக்கத் திரும்புவது, மணி அடிப்பது. அந்த மூன்று இடத்தில் எடை எங்கே என்று ஒரு கணம் பார்ப்பேன், அவ்வளவுதான், மற்ற நேரம் பிள்ளைகளுக்கு. உனக்கு அலமாரிப் பக்கம் திரும்புவது ஒன்று. பில் போடுகிற இடத்துக்கு நடப்பது ஒன்று. ஏணியில் ஏறுவது கட்டாயம்.

காலில் எடை அமைதியாக இருக்கிறபோது எதிரில் இருப்பவர் பேசுவது நன்றாகவே கேட்கிறது என்பது என் அனுபவம். கால் வலிக்கிறபோதுதான் யார் என்ன சொன்னாலும் எரிச்சல் வருகிறது.

பிப்ரவரி 15

அம்மாவுக்குக் கட்டுப் பிரித்தாகிவிட்டது. மருத்துவர் அனுமதித்த பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எடை மாற்றப் பழகுகிறார். பின்னால் நாற்காலி, பக்கத்தில் நான். பெயரெல்லாம் சொல்லவில்லை, குடத்தை ஊற்றுவதாக நினைத்துக்கொள்ளுங்கள் அம்மா என்றேன். "ரெண்டு குடமும் ஓட்டைக் குடம்டி" என்றார், சிரித்துவிட்டோம். விழுந்த பிறகு அம்மா சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

குளியலறை வாசலில் கைப்பிடிக் கம்பி அடித்தாகிவிட்டது. சுவிட்சை வெளிச்சுவருக்கு மாற்றியாகிவிட்டது. தாய் சி செய்கிறோமே என்று இதையெல்லாம் விட்டுவிடாதீர்கள், முதலில் கம்பி.

மார்ச் 4

மாசி மகத்துக்கு அம்மாவைத் தேவனாம்பட்டினம் அழைத்துப் போனேன். சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்திருந்தன, கரை முழுக்கக் கூட்டம். மணலில் நடக்க வேண்டாம், சாலையிலேயே நின்று கும்பிடலாம் என்றேன், கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். மணலில் குதிகால் புதையும்வரை காத்திருந்து, புதைந்த பிறகு எடையைக் கொடுத்து, பின்னங்காலை மெதுவாக உருவி எடுத்தார். தண்ணீர் வரைக்கும் அப்படியே. என் பிடி ஒரு தடவைகூட இறுகவில்லை. பக்கத்தில் வந்தவர்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

தம்பி, நீ கேட்ட செருப்பு: குதிகால் உயரமில்லாத, அடி மெல்லியதாக, தரை தெரிகிற மாதிரி பார்த்து வாங்கு. ஏணி ஏறுகிறபோது பின்பட்டி இருக்க வேண்டும். ஞாயிறு காலை 6 மணிக்குக் காந்தி சிலைப் பக்கம் இருப்பேன், வருவதாக இருந்தால் முந்தின நாள் எழுது.